பழைய லாரி எஞ்சினில் புதுச் சத்தம்: பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பர்மாவில் (மியான்மர்) பெகு, டவுங்கூ, தட்டோன் பக்கம் நெல்லும் கரும்பும் சல்லியும் ஏற்றி ஓடுகிற பழைய ஹினோ, நிசான் டீசல், பூசோ, இசுசு லாரிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். 1960களில் ஜப்பானின் போர் இழப்பீட்டுத் திட்டத்தில் ஹினோ லாரிகளை பர்மாவிலேயே பூட்ட ஆரம்பித்தார்கள். அதனால் இந்த வகை எஞ்சினைத் தெரிந்த கை இங்கே பல ஊர்களில் உண்டு. ஆனால் சத்தம் கேட்டவுடன் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) கழற்றிவிடுகிற வழக்கமும் கூடவே இருக்கிறது. கழற்றி, ஹெட் பேக்கிங் மாற்றி, பூட்டி, ஸ்டார்ட் செய்தால் அதே சத்தம் கேட்கும். காரணம் ஏர் பிரேக் கம்ப்ரெசரிலோ எஞ்சின் மவுண்டிங்கிலோ இருக்கும். வெளியே பூட்டிய சாமான்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்காமல் உள்ளே கை வைக்க வேண்டாம். இதில் ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் விதிவிலக்கு, அது கீழே தனித் தலைப்பில் இருக்கிறது.

எதையும் தொடுவதற்கு முன்

முதலில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு குறைவா, ஆயிலில் டீசல் நாற்றம் அடிக்கிறதா, பால் கலந்த நிறமா? டீசல் கலந்திருந்தால் ஆயில் நீர்த்துப்போய் மேலும் கீழும் எல்லாம் சத்தம் போடும். பால் நிறமென்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அதற்கு மேல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

அப்புறம் நாலு கேள்வி. சத்தம் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஐடிலிலா, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதா, காலை எடுக்கும்போதா? எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிறதா, வண்டி வேகத்தோடா? கிளட்ச்சை மிதித்தால் மாறுகிறதா? வண்டி வேகத்தோடு மாறுகிற சத்தம் என்றால் எஞ்சினை விட்டுவிட்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், சக்கர பேரிங் பக்கம் போங்கள்.

கேட்பதற்கு நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். முனையை இரும்பில் அழுத்தி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் வையுங்கள். வால்வ் கவர், இஞ்செக்டர் அடி, பிளாக்கின் பக்கவாட்டு, ஆயில் பான், கம்ப்ரெசர், வாட்டர் பம்ப், டைனமோ என்று ஒவ்வொரு இடமாகப் போங்கள். சத்தம் எங்கே கூர்மையாகிறதோ அதன் பக்கத்தில்தான் காரணம். இதைச் செய்யும்போது லுங்கியை இழுத்துச் செருகிக் கட்டுங்கள், முடிந்தால் கால்சட்டைக்கு மாறுங்கள். ஃபேனும் பெல்ட்டும் துணி நுனியைப் பிடித்தால் இழுத்து விடுவிக்க நேரம் கிடைக்காது.

ஓட்டத்தில் மட்டும் வருகிற சத்தத்துக்கு இன்னொருவர் வேண்டும். 1970இல் இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட ஆரம்பித்த பிறகும் பழைய லாரிகளில் ஸ்டீயரிங் வலப்பக்கமே இருக்கிறது. அதனால் டிரைவர் சாலையோரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கத்துச் சத்தம் சுவரிலும் கடைகளிலும் பட்டுத் திரும்பிப் பெரிதாகக் கேட்கும், இடப்பக்கத்துச் சத்தம் எதிரே வருகிற வண்டிகளில் அமுங்கிவிடும். கிளீனரை இடப்பக்கக் கதவோரம் உட்காரவைத்து, சந்தடி இல்லாத இடத்தில் ஒரு நடை ஓட்டிப் பாருங்கள்.

மேலேயிருந்து "டிக் டிக்", எஞ்சின் வேகத்தில் பாதி வேகமாக

*குளிரில் மட்டும் இருந்து, சூடானதும் மறைந்தால்:* எக்சாஸ்ட் மானிஃபோல்டு பேக்கிங்கை முதலில் பாருங்கள். டாப்பெட் (வால்வைத் திறக்கிற அமைப்பு) என்று நினைக்க வைக்கிற சத்தம் இது. இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி மூடி, சத்தம் நின்றுவிடும். மானிஃபோல்டு ஹெட்டோடு சேருகிற இடத்தில் கரிக்கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்டட் நட்டுகளை இறுக்குங்கள், பேக்கிங் எரிந்திருந்தால் மாற்றுங்கள். துருப்பிடித்த ஸ்டட்டை முரட்டுத்தனமாகத் திருப்பினால் ஹெட்டுக்குள்ளேயே முறியும், முந்தின இரவே டீசல் ஊற்றி ஊறவிடுங்கள்.

*சூடான பிறகும் இருந்தால்:* டாப்பெட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் (வால்வை அழுத்தித் திறக்கிற கை) வால்வ் முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளி. பழைய ஜப்பான் டீசல்களில் பொதுவாக இன்டேக் 0.30 மில்லிமீட்டர், எக்சாஸ்ட் 0.40 அல்லது கொஞ்சம் கூட இருக்கும். உங்கள் எஞ்சினின் வால்வ் கவரிலோ பிளாக்கிலோ உள்ள தகட்டில் வேறு கணக்கு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூட்டிலா அளக்க வேண்டும் என்பதையும் அங்கேயே பாருங்கள்.

இந்த வேலையை நிதானமாகச் செய்தால் வண்டிக்காரரே செய்யலாம். ஆறு சிலிண்டர் எஞ்சினில் 1-6, 2-5, 3-4 என்று ஜோடி. நாலு சிலிண்டரில் 1-4, 2-3. கிராங்கை (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) கையால் மெதுவாகத் திருப்புங்கள். ஆறாவது சிலிண்டரின் இரண்டு ராக்கரும் ஒன்று ஏறி ஒன்று இறங்கித் தள்ளாடுகிற நேரத்தில் முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும். அப்போது முதல் சிலிண்டரை அளக்கலாம். முதலாவது தள்ளாடும்போது ஆறாவதை அளக்கலாம். மற்ற ஜோடிகளும் அப்படியே. ஃபீலர் தகட்டை ராக்கருக்கும் வால்வ் முனைக்கும் நடுவில் விட்டு இழுக்கும்போது லேசான பிடிப்பு தெரிய வேண்டும். தடையே இல்லாமல் வந்தால் தளர்வு, தகடு வளைந்தால் இறுக்கம். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பும், அதனால் இறுக்கியபின் மறுபடி தகட்டை விட்டுப் பாருங்கள். சத்தம் அடங்கட்டும் என்று இடைவெளியை அளவுக்குக் கீழே குறைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் வால்வ் முழுதாக மூடாமல் எரிந்துபோகும், அப்புறம் ஹெட் வேலைதான்.

*இடைவெளி சரியாக இருந்தும் ஒரு இடத்தில் மட்டும் டிக் டிக்:* அந்தப் புஷ் ராடை உருவி, கண்ணாடித் தட்டின் மேல் உருட்டுங்கள். வளைந்திருந்தால் தத்தித் தத்தி ஓடும். புஷ் ராடு நேராக இருந்தால் ராக்கர் முனையில் குழி விழுந்திருக்கிறதா, ராக்கர் ஷாஃப்ட்டுக்கு ஆயில் ஏறுகிறதா என்று பாருங்கள். வால்வ் கவரைத் திறந்து ஐடிலில் ஓடவிட்டால் ராக்கர்கள் ஆயிலில் நனைய வேண்டும்.

*ஒரே வால்வில் இடைவெளி மறுபடி மறுபடி கூடினால்:* கேம் ஷாஃப்ட்டும் டாப்பெட்டும் தேய்கின்றன. இது வீட்டில் பார்க்கிற வேலை கிடையாது, மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

"புஸ் புஸ்" என்று மூச்சுவிடுகிற சத்தம்

இஞ்செக்டரின் அடியைச் சுற்றித் தார் போலக் கறுப்பாக ஒட்டியிருந்தால் செம்பு வாஷர் போய்விட்டது. வாஷர் விலை ஒன்றுமே இல்லை, ஆனால் அப்படியே ஓட்டினால் சூட்டுக்காற்று ஹெட்டின் இருக்கையையே அரித்துவிடும். பழைய வாஷரை எடுத்தபின் குழிக்குள் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், இரண்டு வாஷர் சேர்ந்தால் நாசிலின் (டீசலைத் தூவுகிற முனை) உயரம் மாறிவிடும்.

ரேடியேட்டரில் குமிழி வந்தாலோ, தண்ணீர் காரணமில்லாமல் குறைந்தாலோ ஹெட் பேக்கிங். மாந்தலேயிலிருந்து மேமியோவுக்குப் போகும் ஏற்றத்தில் சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருக்கிறது. லோடோடு அங்கே ஒருமுறை சூடேறிக் கொதித்த வண்டியில் இதை முதலில் சந்தேகப்படலாம். பேக்கிங் மட்டும் மாற்றிப் பயனில்லை, ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத்துக்காரரிடம் நேர்கோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு சிலிண்டரில் மட்டும் கூர்மையான "டக் டக்", கூடவே புகை

*முதலில் டீசல்.* வாட்டர் செப்பரேட்டரின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு பாட்டிலில் பிடியுங்கள். மழைக்காலத்தில், அதுவும் வழியோர டிரம்மிலிருந்து ஊற்றிய டீசல் என்றால், அடியில் தண்ணீர் தனியாக நிற்கும். வடித்துவிட்டு ஃபில்டரை மாற்றுங்கள். சத்தத்தோடு வண்டி இழுக்காமல் தயங்கினால் காற்று புகுந்திருக்கலாம். ஹேண்ட் பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றி, டேங்கிலிருந்து பம்ப் வரை ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். டீசல் கசியாத இடத்திலும் காற்று உள்ளே புகும்.

*அடுத்து நாசில்.* எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இஞ்செக்டரின் பைப் நட்டையும் அரைச்சுற்றுத் தளர்த்தி, சத்தத்தைக் கேட்டு, மறுபடி இறுக்குங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும், டக் டக் அப்படியே இருக்கும். கெட்ட நாசில் உள்ள சிலிண்டரைத் தளர்த்தியவுடன் டக் டக் சட்டென்று நின்றுபோகும், புகையும் குறையும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நட்டின் மேல் தடித்த துணி போடுங்கள், கையை ஒருபோதும் அந்தப் பைப்புக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தினதுபோலத்தான் தெரியும், வலிகூடக் கொஞ்ச நேரம் இருக்காது. ஆனால் அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம், தாமதித்தால் விரலே போகும்.

நாசிலைக் கழற்றி டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் கடையில் கொடுங்கள். பனி போலத் தூவினால் நல்லது, சொட்டினால் மாற்ற வேண்டும். ஒன்று போயிருந்தால் மற்றவற்றையும் அதே பெஞ்சில் பார்த்துவிடுவது நல்லது, எப்படியும் அதே வயதுதான். இஞ்செக்ஷன் பம்பைப் பிரிப்பதும் டைமிங்கை (டீசல் தூவும் நேரம்) தொடுவதும் அந்தக் கடைக்காரர் வேலை.

*நட்டைத் தளர்த்தினால் சத்தம் முழுதாக நிற்காமல் மெலிந்து மட்டும் போனால்* அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அடியிலிருந்து கனமான "தொம் தொம்"

நான் சொன்ன விதிவிலக்கு இதுதான். வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிடுங்கள். பக்கத்து ஊர் வரை மெதுவாகப் போய்விடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. பேரிங் ஷெல் (கிராங்கு சுழலும் இடத்தில் உள்ள மெல்லிய உலோகத் தகடு) போனால் ஷெல் வாங்கிப் போட்டுத் தப்பிக்கலாம். அதோடு ஓட்டினால் கிராங்கு கீறும், இன்னும் ஓட்டினால் ராடு உடைந்து பிளாக்கின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். டோ வண்டிக்குக் கொடுக்கிற காசு எவ்வளவு கசந்தாலும் ஒரு பிளாக்கின் விலைக்குப் பக்கத்தில் நிற்காது.

எந்த பேரிங் என்பதை ஓரளவு சொல்ல முடியும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும் அந்தக் கணத்தில் வேகமாகக் கடகடத்தால் கனெக்டிங் ராடு பேரிங். லோடோடு இழுக்க ஆரம்பிக்கும்போது அடித்தளமே அதிர்கிற மாதிரி மந்தமாகக் கேட்டால் மெயின் பேரிங். ஐடிலில் இரட்டை இரட்டையாகத் தட்டினால் பிஸ்டன் பின்.

ஆயில் கேஜ் என்ன சொல்கிறது? சூடான எஞ்சினில் ஓட்டத்தில் 3 முதல் 5 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) காட்டுவது வழக்கம், ஐடிலில் 1 கிலோவுக்குக் கீழே இறங்கி ஊசலாடினால் கெட்ட செய்தி. பழைய கேஜை அப்படியே நம்பாமல், பிளாக்கில் நேரடியாக வேறு கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு ஆயிலைச் சுத்தமான தட்டில் வடியுங்கள். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மின்னுகிறதா? ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். மின்னுகிற துகள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: கியர், கேம், ரிங். ஒட்டாமல் ஆயிலிலேயே நின்றால், அதுவும் செம்பு நிறச் செதில்களாக இருந்தால், பேரிங் ஷெல்லின் மேல்பூச்சு போய் அடிப்பூச்சு வந்துகொண்டிருக்கிறது. ஃபில்டரையும் அறுத்து, காகிதத்தை விரித்துப் பாருங்கள், அதன் மடிப்புகளில் தங்கிய துகள்கள் தட்டில் தெரியாததையும் காட்டும்.

இனி மெக்கானிக். ஆயில் பானை இறக்கி, பேரிங் கேப்பைக் கழற்றி, கிராங்கை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். கீறல் இருந்தால் கிரைண்டிங். 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று அளவு குறைக்கக் குறைக்க அதற்கேற்ற ஷெல் கிடைக்குமா என்பதை கிரைண்டிங் செய்வதற்கு முன்பே கேட்டு வையுங்கள். முதலில் கிராங்கைக் கிரைண்டிங் செய்துவிட்டு ஷெல்லுக்காக ரங்கூனுக்கும் மாந்தலேக்கும் அலைகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கிராங்கை அளக்காமல் "புது ஷெல் போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஷெல் தேய்ந்ததற்குக் காரணம் ஆயில் பம்ப்பா, அடைத்துக்கிடக்கும் ஆயில் சல்லடையா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் புது ஷெல்லும் அதே வழியில் போகும்.

காலையில் மட்டும் "டொக் டொக்", சூடானதும் காணாமல் போகிறது

மானிஃபோல்டு சரியாக இருந்தால் பிஸ்டன் லைனருக்குள் (சிலிண்டரின் உள்சுவர்) கொஞ்சம் ஆடுகிறது. ஆயில் அதிகமாகக் குடிக்காமல், நீலப்புகை இல்லாமல் இருந்தால் இந்தச் சத்தத்தோடு நீண்ட நாள் ஓட்டலாம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வேகம் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

"கிரீச்" என்று கத்துகிறது

ஃபேன் பெல்ட்டின் உட்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கத்தல் ஒரு நிமிஷம் நின்று மறுபடி வந்தால் பெல்ட்டேதான். இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் இறுக்குங்கள், ஓரம் பளபளத்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். தண்ணீருக்கு மசியாவிட்டால் எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, சில விநாடி மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் போய்விட்டால் டைனமோ அல்லது வாட்டர் பம்ப் பேரிங். மறுபடி அணைத்துவிட்டு புல்லியைப் பிடித்து ஆட்டினால் எது என்று கையிலேயே தெரியும். வாட்டர் பம்பின் அடியில் சின்ன ஓட்டை இருக்கும், அதில் தண்ணீர்க் கசிவு இருந்தால் பம்பின் காலம் முடிந்தது. இதை ஒத்திப்போடாதீர்கள், பேரிங் உடைந்தால் ஃபேன் ரேடியேட்டருக்குள் போகும்.

"கடகட", "லொட லொட"

*காற்று ஏறும்போது மட்டும்:* ஏர் பிரேக் உள்ள வண்டியில் இந்தச் சோதனையை மறக்காதீர்கள். காற்று நிறைந்து கவர்னர் (காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சாமான்) விடுவிக்கும் வரை, அதாவது சுமார் 7 அல்லது 8 கிலோ வரை, சத்தம் இருந்து அப்புறம் நின்றால் எஞ்சினில் ஒன்றுமில்லை. பிரேக்கைப் பலமுறை மிதித்துக் காற்றை இறக்குங்கள். சத்தம் மறுபடி ஆரம்பித்தால் கம்ப்ரெசரின் ராடோ பேரிங்கோ ஆடுகிறது. ராடு பேரிங் போன சத்தத்துக்கும் இதற்கும் அவ்வளவு ஒற்றுமை, இதனால் காரணமில்லாமல் ஆயில் பானை இறக்கிய வண்டிகள் ஏராளம்.

*கிளட்ச்சை மிதித்தால் வருகிறது:* ரிலீஸ் பேரிங். *மிதித்தால் நிற்கிறது:* கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங். இரண்டுக்கும் கியர் பாக்ஸை இறக்க வேண்டும், எஞ்சினை விட்டுவிடலாம்.

*ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் ஒரு உதறல்:* எஞ்சின் மவுண்டிங் ரப்பர். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக் போட்டு, முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விடச் சொல்லி பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. எஞ்சின் ஒரு பக்கமாக எழும்பினால் ரப்பர் கிழிந்திருக்கிறது. சைலன்சர் தாங்கி, பானெட் கொக்கி, தளர்ந்த ஃபேன் கூடு எல்லாம் இதே லொட லொட போடும். ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பிடித்துக் கேளுங்கள், சூடான பைப்பைத் துணியோ கட்டையோ வைத்துத் தள்ளுங்கள்.

முன்பக்கத்தில் "உய்ங்"

டைமிங் கியர்களுக்கு எப்போதும் கொஞ்சம் முனகல் உண்டு. புதிதாகக் கூடியிருந்தால், குறிப்பாக ஐடிலில் சத்தம் ஏறி இறங்கினால், மெக்கானிக் கியர் கவரைத் திறந்து பல் இடைவெளியை அளக்கட்டும். டர்போ உள்ள வண்டியில் விசில் கூடியிருந்தால் முதலில் ரப்பர் ஹோஸ் கிளாம்புகளை இறுக்குங்கள். அப்படியும் இருந்தால், எஞ்சின் அணைந்து ஆறியபின் டர்போ சக்கரத்தை விரலால் ஆட்டிப் பாருங்கள். இறக்கை கூட்டில் உரசினால் ஓட்டாதீர்கள், உடைந்த துண்டு எஞ்சினுக்குள் போகும்.

வேலை பார்த்த பிறகு வந்த சத்தம்

கடைசியாகக் கை வைத்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். இஞ்செக்ஷன் பம்பை இறக்கி ஏற்றியபின் எல்லா சிலிண்டரும் ஒரேபோலக் கடுமையாகத் தட்டினால் டைமிங் முந்தியிருக்கிறது, பிந்தியிருந்தால் சத்தம் அடங்கி வெள்ளைப்புகையும் சோம்பலும் வரும். டாப்பெட் வைத்த பிறகென்றால் ஏதோ ஒரு லாக் நட் இறுகவில்லை. கிளட்ச் மாற்றிய பிறகு பின்பக்கத்தில் தட்டினால் ஃப்ளைவீல் போல்ட்டைச் சந்தேகப்பட்டு ஓட்டாமல் நிறுத்துங்கள். எதுவானாலும் லோடு ஏற்றாமல், அதே நாளில், அதே மெக்கானிக்கிடம் திருப்பிக் கொண்டுபோய், சத்தம் எப்போது வருகிறது என்பதை அவர் காதாலேயே கேட்கவையுங்கள்.